ஆர் எழுத்தைத் தொலைத்த வகுப்பு

ஐந்து நாள் பயிற்சி முடிந்து திரும்பிய திங்கட்கிழமை, நான் வகுப்புக்குள் புது ஆளாகத்தான் நுழைந்தேன். கையில் எழுத்து அட்டைகள் ஒரு கட்டு, பாட்டுகள் நிறைந்த பென் டிரைவ், பள்ளி அதிபரிடம் கெஞ்சி வாங்கிய சின்ன ஒலிபெருக்கி. உன்னிச்சைக் குளத்துக்குக் கிட்ட உள்ள அந்தப் பள்ளிக்கூடத்தில் தரம் மூன்றுக்கு ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்கி அது நாலாவது வருஷம். மட்டக்களப்பு நகரில் வாவியோரம் வீடு. தினமும் காலையில் ஸ்கூட்டியில் போய்ச் சேர முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அன்றைக்கு அந்தத் தூரம் முழுக்க ஹெல்மெட்டுக்குள் சத்தமாகப் பாடிக்கொண்டே போனேன்.

அதுவரைக்கும் என்னைப் படிப்பித்த மாதிரித்தான் நானும் படிப்பித்தேன். சி, ஏ, டீ, கெட், கெட் என்றால் பூனை. பிள்ளைகளும் பாடமாக்கிச் சொல்வார்கள். தெரியாத சொல் ஒன்றைக் காட்டினால் பேந்தப் பேந்த விழிப்பார்கள். பயிற்சியில் சொன்னது வேறு: எழுத்தின் பெயரை விடுங்கள், அதன் ஓசையைச் சொல்லிக்கொடுங்கள். ஓசைகளைச் சேர்த்தால் சொல் வரும். சொல்லைப் பிரித்தால் எழுத்து வரும். கேட்டவுடன் எனக்கு நெஞ்சுக்குள் விளக்குப் போட்டதுபோல இருந்தது. தமிழை நாங்கள் அப்படித்தானே படித்தோம்!

பயிற்றுநர் கொழும்பிலிருந்து வந்த இளம் பெண். கெட்டிக்காரி, சிரித்த முகம். மூன்றாம் நாள் எங்கள் வாயைத் திருத்தத் தொடங்கினார்.

"நீங்க எல்லாரும் ஆர் எழுத்தைப் போட்டு உடைக்கிறீங்க. கார் இல்லை. கா. நாக்கை அசைக்காதீங்க. ஸ்டார் இல்லை, ஸ்டா. டொக்டர் இல்லை, டொக்டா. ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்க."

கேட்டோம். ஒலிப்பதிவில் இருந்த ஆளும் ஆர் சொல்லவில்லை. நாற்பது ஆசிரியர்கள் மண்டபத்தில் இருந்துகொண்டு கா, கா, கா என்று சொன்னோம். வெளியே மரத்தில் இருந்த காகங்கள் என்ன நினைத்தனவோ தெரியாது.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. முப்பத்தைந்து வயது வரைக்கும் பிழையாகவே சொல்லி வந்திருக்கிறேன் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வீட்டிலும் பழகினேன். இரவுச் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, "டின்னா ரெடி" என்று கூப்பிட்டேன். உள்ளே இருந்த கணவர் எட்டிப் பார்த்து, "ஆரு தின்னா?" என்று கேட்டார். நான் இரண்டு நாள் அவரோடு ஆங்கிலம் பேசவில்லை.

வகுப்பில் முதல் இரண்டு கிழமை ஓசைப் பாடம் அமோகமாகப் போனது. இருபத்துமூன்று பிள்ளைகள். கெட், மெட், ஹெட் என்று அட்டைகளை மாற்றி மாற்றி வைத்து வாசித்தார்கள். பின்வரிசை வாங்கில் இருந்து ஒரு நாளும் வாய் திறக்காத பிள்ளைகள்கூட எழுந்து நின்று வாசித்தார்கள். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது கிழமை ஆர் எழுத்துக்கு வந்தோம்.

கார் படத்தைக் காட்டினேன். "கார்!" என்று கத்தினார்கள்.

"கார் இல்ல. கா" என்றேன்.

முன்வாங்கில் இருந்த ஒரு சிறுமி, இரட்டைப் பின்னல் போட்டவள், மெல்லச் சிரித்தாள். சிரிப்பு வகுப்பு முழுக்கப் பரவியது. எனக்கு விளங்கவில்லை.

"ஏன் சிரிக்கிறீங்க?"

"டீச்சர், கா எண்டு நாங்க ஊட்ட கதைக்கிறதானே" என்றாள் அவள். "என்னகா, ஓங்கா, வாங்ககா…"

அவள் சொன்னது சரி. மட்டக்களப்பில் பேச்சுக்கு இனிப்பாக நாங்கள் சேர்க்கிற கா அது. என் வாயிலும் ஒரு நாளைக்கு நூறு தரம் வரும். நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "இது இங்கிலீஸ் கா" என்றேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் இரண்டு கா இருந்தன, வீட்டில் பேசுகிற ஊட்டுக் காவும் இங்கிலீஸ் காவும்.

அந்த வெள்ளிக்கிழமை சொல்வதெழுதல் வைத்தேன். பத்துச் சொல். நான் புது உச்சரிப்பில் ஆறுதலாகச் சொன்னேன். பிள்ளைகள் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஓசையைப் பிரித்து, விரலில் எண்ணி, எழுதினார்கள். கொப்பிகளை இடைவேளையில் திருத்த எடுத்தேன். முதல் கொப்பியில் கார் என்பது ca. சரி, ஒரு பிள்ளை விட்டுவிட்டது. இரண்டாவதும் ca. மூன்றாவதில் ka. டொக்டர் dokta. ஸ்டார் sta. மூன்று நாலு பிள்ளைகளைத் தவிர எல்லாக் கொப்பியிலும் ஆர் எழுத்தைக் காணோம். அந்த மூன்று நாலு பேரும் யார் தெரியுமா? ஆர் பாடம் நடந்த நாள் பள்ளிக்கு வராதவர்கள்.

முந்தின வருஷப் பிள்ளைகள், கெட் என்று பாடமாக்கிய பிள்ளைகள், எத்தனையோ பிழை விட்டிருக்கிறார்கள். ஆனால் காரில் ஆர் எழுத்தை ஒருவரும் விட்டதில்லை. வாயில் இருந்ததால் கையிலும் வந்தது. வாயிலிருந்து பிடுங்கியது நான்தான்.

அதை அப்போதே ஏற்றுக்கொண்டிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். நான் செய்தது வேறு. திங்கட்கிழமை கரும்பலகையில் பெரிய எழுத்தில் ஒரு விதி எழுதினேன்: சொல்லின் கடைசியில் ஆ என்று நீண்டு கேட்டால், அங்கே ஆர் எழுத்து ஒளிந்திருக்கிறது, மறக்காமல் போடவும்.

பிள்ளைகள் மறக்கவில்லை. விதி என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உயிர். பனானாவின் கடைசியில் ஓர் ஆர். சோபாவின் கடைசியில் ஓர் ஆர். இந்தியாவுக்கும் ஓர் ஆர் கிடைத்தது. 'என் குடும்பம்' என்று நாலு வசனம் எழுதச் சொன்னபோது, இருபத்துமூன்று பேரில் பாதிப்பேர் தங்கள் தாயை Ammar என்று எழுதினார்கள்.

செவ்வாய்க்கிழமை கொப்பிகள் வீட்டுக்குப் போயின. புதன்கிழமை காலை, மணி அடிக்க முன்னமே, இரட்டைப் பின்னல் சிறுமியின் தாய் கொப்பியோடு வகுப்பு வாசலில் நின்றார்.

அவரை ஓரிரு தரம் பெற்றோர் கூட்டத்தில் கண்டிருக்கிறேன். என்னிலும் ஐந்தாறு வயது குறைவு. மகளின் எட்டு வருஷ வாழ்வில் ஆறு வருஷம் அரபு நாடொன்றில் வீட்டு வேலை செய்துவிட்டு, போன வருஷம்தான் ஊருக்கு வந்தவர் என்று தெரியும். கணவர் வயல் செய்பவர். கூட்டங்களில் பின்னுக்கு இருந்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

"குட் மோர்ர்ணிங் டீச்சர்ர்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்படி ஒரு ஆர் எழுத்தை நான் அதுவரை கேட்டதில்லை. நாக்கு நுனியில் உருண்டு, துடித்து, நின்று வந்தது. தொடர்ந்து இரண்டு வசனம் ஆங்கிலத்திலேயே பேசினார், தடங்கல் இல்லாமல், என்னைவிட வேகமாக. பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, தமிழுக்கு மாறினார்.

"கோவிக்காதீங்க டீச்சர். எங்கட ஊட்ட ஆர் இந்த அம்மர்?"

கொப்பியை விரித்துக் காட்டினார். நான் போட்ட சரி அடையாளம் பக்கத்தில் இருந்தது. திருத்தும் அவசரத்தில் என் கண்ணிலேயே படவில்லை.

"நான் வேல செஞ்ச நாட்டில அது ஆம்பிளயின்ட பேர் டீச்சர். இவர் ராவு கொப்பியப் பாத்துப்போட்டு, ஆருகா இந்த ஆள் எண்டு என்னக் கேக்கிறார்" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு முதலில் முகம் சுட்டது. பிறகு நானும் அடக்க முடியாமல் சிரித்தேன். வாசலில் நின்று இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தோம். மகள் தூணைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இரிங்க" என்று கதிரை எடுத்துப் போட்டேன். "நடந்ததச் சொல்றன்."

பயிற்சி, கா, விதி, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் கதையைச் சொன்னார்.

அவர் வேலை செய்த வீட்டுக்காரர், அந்த அரபு நாட்டுக்கு வேலைக்கு வந்திருந்த ஸ்கொட்லாந்து நாட்டவர்கள். வீட்டம்மா ஆஸ்பத்திரியில் தாதி. ஒரே பிள்ளை, ஆண், இவர் போனபோது கைக்குழந்தை. பிள்ளை வளர வளர அது பேசப் பழகிய ஆங்கிலத்தையே இவரும் பழகினார். நாலு வயதில் பாலர் பாடசாலையிலிருந்து எழுத்து அட்டைகள் வரத் தொடங்கின. தாய்க்கு வேலை முறை மாறி மாறி வருவதால், பின்னேரங்களில் பிள்ளையோடு மேசையில் இருந்து ஓசை சொல்லிப் பழக்கியது இவர்தான்.

"நான் எங்க பழக்கின? ரெண்டு பேருமாப் பழகின" என்றார். "அதுக்கு எழுத்து வந்த நேரந்தான் எனக்கும் வந்த. வாசிப்பன். எழுதத்தான் பயம்."

ஒருமுறை வீட்டம்மாவின் மைத்துனி லண்டனிலிருந்து வந்து நின்றாராம். பிள்ளை கார் என்று உருட்டிச் சொல்ல, மைத்துனி சிரித்து, கா என்று திருத்தினாராம். வீட்டம்மாவுக்கு வந்ததே கோபம்.

"அவ சொன்னா டீச்சர், எங்கட ஊரில நாங்க ஆர் சொல்லுவம், உங்கட ஊரில நீங்க சொல்லாம விடுங்க. எங்கட புள்ளைகள் எழுதக்குள்ள ஆர் மறக்கிறல்ல, உங்கட புள்ளைகள்தான் மறக்கிற எண்டு. மறுகா ரெண்டு பேரும் ஒரு நாள் முழுக்கக் கதைக்கல்ல."

ஆங்கிலத்தின் சொந்தக்காரர்கள் என்று நான் நினைத்திருந்தவர்களே ஒரு மேசையில் இருந்துகொண்டு இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறார்கள்! பயிற்றுநர் சொன்னதும் பிழையில்லை. ஒரு ஊரின் வழக்கத்தை அவர் சொன்னார். அது என் வகுப்புப் பிள்ளைகளின் வாய் இல்லை, அவ்வளவுதான்.

"ஒரு நாளைக்கு வகுப்புக்கு வாறீங்களா? பிள்ளைகளுக்கு ஒரு கதை வாசிச்சுக் காட்ட?" என்று கேட்டேன்.

"ஐயோ டீச்சர், நான் எட்டாம் வகுப்போட நிண்ட ஆள்."

"நான் பட்டதாரி. நான்தான் அம்மர் எழுதப் படிப்பிச்ச."

அதற்கும் சிரித்தார். வயல் வட்டைக்குள்ள வெட்டு மெசின் வந்து நிக்குது, நெல்லு ஏத்தி முடியட்டும், அடுத்த கிழமை பாப்பம் என்று சொல்லிவிட்டுப் போனார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை வந்தார். நல்ல சேலை, தலையில் பூ, கையில் வியர்வை. வகுப்பு முன்னால் நின்றதும் குரல் எழும்பவில்லை. முதல் பக்கத்தைப் புத்தகத்துக்கே ரகசியமாக வாசித்தார். மகள் முன்வாங்கில் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாம் பக்கத்தில் கதையில் ஒரு சிவப்புக் கார் வந்தது. அந்தச் சொல்லை உருட்டினார். பிள்ளைகள் நிமிர்ந்தார்கள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க!" என்றது ஒரு குரல்.

சொன்னார். கடைசி வாங்கில் இருந்து யாரோ, "உழவு மெசின் மாதிரி!" என்றார்கள். அவ்வளவுதான். இருபத்துமூன்று உழவு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் இயங்கின. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தாய்க்குப் பயம் போய்விட்டது. மூன்று கதை வாசித்தார். குரங்காக நடித்தும் காட்டினார்.

எல்லாம் சரியாகவே நடந்தது என்று சொல்லமாட்டேன். கதையில் வீடு என்ற சொல் வந்த இடமெல்லாம் அவர் ஹவுஸ் என்று சொல்லவில்லை, ஹூஸ் என்றார். வீட்டம்மாவின் தகப்பனார் அப்படித்தான் சொல்வாராம், இவருக்கும் ஒட்டிக்கொண்டது. வாசிப்பு முடிந்ததும் வைத்த சொல்வதெழுதலில் எட்டுக் கொப்பியில் hoos. காட்டியதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஒண்டத் திருத்த வந்து ஒண்டக் கெடுத்துப்போட்டனே டீச்சர்!"

"பறவாயில்ல. நான் ஒரு எழுத்தையே கெடுத்த ஆள்" என்றேன்.

அந்த மாதக் கடைசியில் ஆங்கில ஆசிரிய ஆலோசகர் பள்ளிக்கு வந்தார். வகுப்புகளைப் பார்த்துக் குறிப்பு எழுதுவது அவர் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர், மட்டக்களப்பில் கலியாணம் முடித்தவர், அதிகம் சிரிக்காதவர். நான் வகுப்பைத் தொடங்கினேன். கார் படம் வந்தது. பிள்ளைகள் உழவு இயந்திரத்தை இயக்கினார்கள். அவர் பேனா நின்றது.

"உது எந்தப் பயிற்சியில சொல்லித் தந்தது ரீச்சர்?"

மறைத்தாலும் கொப்பிகள் காட்டிக்கொடுத்துவிடும். முழுவதையும் சொன்னேன், அம்மர் உட்பட. அம்மரில் அவர் உதடு கொஞ்சம் அசைந்தது.

"சரி, நான் ஒரு வசனம் சொல்லிப் பாக்கிறன்" என்று எழுந்தார். அப்பா ஒரு தோணி வாங்கினார் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வசனம். மை பாதர் போட் எ போட்: முதல் போட் bought, இரண்டாவது boat. பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். அவர் வாங்கு வாங்காகப் போய்ப் பார்த்தார். பாதரின் கடைசியில் எல்லோருக்கும் ஆர் இருந்தது. வாங்கினார் என்ற சொல்லும் தோணி என்ற சொல்லும் எல்லாக் கொப்பியிலும் ஒரே மாதிரி இருந்தன. பாதிப்பேர் bot a bot. மீதிப்பேர் boat a boat.

நான் தலையைக் குனிந்தேன்.

"உதுக்கு ஏன் கவலைப்படுறியள்?" என்றார். "சின்ன வயசில என்ர வாத்தியாரும் எனக்கு உந்தப் பிழையைத்தான் சிவப்பு மையால வெட்டினவர். எங்கட வாயில ரெண்டும் ஒண்டு. எங்கட வாய் பிரிக்காததைக் காது பிரிக்காது. அதுகளைக் கண்ணாலதான் பழக்க வேணும்."

சொல்லிவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். குறிப்புப் புத்தகத்தில் மூன்றே வரி எழுதினார். மூன்றாவது வரி: ஆர் எழுத்து மிக நன்று.

அவர் சொன்ன அந்த ஒரு விசயத்தை வைத்துத்தான் நான் பிறகு வகுப்பை ஒழுங்குபடுத்தினேன். வகுப்பின் இரண்டு சுவரை இதற்கென எடுத்துக்கொண்டோம். வாய் சொல்லிக்கொடுக்கிற சொற்கள் ஒரு சுவரில், கண் பார்த்து மட்டுமே பிடிக்க வேண்டிய சொற்கள் மற்றச் சுவரில். ஒரு சொல் எந்தச் சுவருக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்வார்கள். அதற்கு நடக்கிற வாக்குவாதம் சொல்லி முடியாது. ஸ்கூல் என்ற சொல்லுக்காக ஒரு பாடவேளை முழுக்கப் போனது. இஸ்கூல் என்று சொல்கிற கட்சி ஒரு பக்கம், ஸ்கூல் கட்சி மறு பக்கம். கடைசியில் நடுவில், கதவில் ஒட்டினோம்.

அந்தத் தாய் வியாழக்கிழமைகளில் தொடர்ந்து வந்தார். வாசிப்பு முடிந்ததும் கடைசி வாங்கில் இருந்து பிள்ளைகளோடு சேர்ந்து சொல்வதெழுதலும் எழுதத் தொடங்கினார். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். தான் வளர்த்த பிள்ளைக்கு ஒரு செய்தி எழுதியிருந்தார். இவ்வளவு நாளும் குரல் பதிவுதான் அனுப்பி வந்தாராம். எழுதினால் பிழை வரும், வீட்டம்மா பார்த்தால் வெட்கம் என்று விட்டிருந்தார். ஐந்து வசனம். நான் ஒரு இடத்தில் மட்டும் கை வைத்தேன். அதைத் திருத்தி உடனே அனுப்பிவிட்டார்.

பதில் அடுத்த வியாழன் வந்தது, குரல் பதிவாக. பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. இரண்டு பேரும் தொலைபேசியை நடுவில் வைத்துக் கேட்டோம். ஒரு சொல் விளங்கவில்லை. திரும்பப் போட்டோம். அப்போதும் விளங்கவில்லை.

"எனக்கு விளங்காத இங்கிலீஸ் அந்தப் புள்ளைக்கிட்ட இல்லயே டீச்சர்" என்றார் அவர், முகம் வாடி. "ஊர் மாறிப் போனாங்க. அங்க வேற மாதிரிக் கதைக்கிறாங்களோ?"

நானும் ஆலோசகர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, புது ஊரின் உச்சரிப்பாகத்தான் இருக்கும், சில ஊர்களில் எஸ் ஓசை இப்படி மாறும் என்றெல்லாம் விளக்கம் சொன்னேன். நாலாவது தரம் கேட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி டிங் என்றது. வீட்டம்மா ஒரு படம் அனுப்பியிருந்தார். பிள்ளை வாயை அகலத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான். மேல் வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை.

அவர் தொலைபேசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், வெளியே விளையாடிக்கொண்டிருந்த மகள் ஓடி வந்தாள். படத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு தன் வாயையும் திறந்து, இன்னும் ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லை விரலால் ஆட்டி, "இதையும் படம் எடுத்து அனுப்புங்கம்மா" என்றாள்.